‘கிளையிணைப்பு’: சொல் முன்மொழிவும் ஆவணத் திருத்தமும்

அனைவருக்கும் வணக்கம்.

நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் (Git) ஆவணத் தமிழாக்கத்தில் கிளைகள் பகுதியைத் திருத்தும் முன், ஒரு கிளையில் (தனியே நடக்கும் வேலைத் தொடரில்) செய்த மாற்றங்களை மற்றொரு கிளையில் சேர்க்கும் மெர்ஜ் (merge) என்பதற்கு உரிய சொல்லை நாம் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இப்போதைய வரைவில் ‘ஒன்றாக்கல்’ என்று உள்ளது. விரிதாளில் இரண்டு கலங்களைச் சேர்க்கும்போது அச்சொல் சரியானதே. அங்கே ஒன்றுதான் மிஞ்சும். கிட்டில் நாம் நிற்கும் கிளை மட்டுமே மாறுகிறது. மற்றக் கிளை தன் கடைசிக் கமிட்டையே (பதிந்துவைத்த நிலையையே) சுட்டியபடி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதில் தொடர்ந்து வேலை செய்யவும் முடிகிறது. ‘இணைத்த பின் இரு கிளைகளும் ஒரே கிளையாகிவிடும்’ என்று வரைவில் நுழைந்துள்ள பிழைக்கு இந்தச் சொல்லே வித்திட்டிருக்க வேண்டும்.

‘கூடல்’, ‘சங்கமம்’ ஆகியவை கேட்க இனியவை. ஆனால் கூடிய ஆறுகள் அதன்பின் ஒரே ஆறாகத்தான் ஓடும் என்பதால் அவற்றிலும் அதே சிக்கல். வெறும் ‘இணைப்பு’ என்றால் வலைத்தளச் சுட்டியா, மின்னஞ்சலோடு வரும் கோப்பா என்ற குழப்பம் எழும். எனவே பெயர்ச்சொல்லாகக் ‘கிளையிணைப்பு’ என்பதை முன்மொழிகிறேன். வினையாக வரும் இடங்களில் ‘கிளையை இணை’ என்று பிரித்தே எழுதலாம்.

சொல்லைவிட வேற்றுமை உருபு முக்கியம் என்பது என் கருத்து. ‘திருத்தக் கிளையை முதன்மைக் கிளையுடன் இணை’ என்று எழுதினால் இரண்டில் எது மாறப்போகிறது என்பது படிப்பவருக்குத் தெளிவாகாது. ‘முதன்மைக் கிளையில் திருத்தக் கிளையை இணை’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை. ஆவணம் முழுவதிலும் ‘உடன்’ நீக்கி ‘இல்’ இட வேண்டும்.

‘ஒவ்வொரு இணைப்பும் புதிய கமிட்டை உருவாக்கும்’ என்ற வாக்கியமும் திருத்தப்பட வேண்டும். கிளை பிரிந்த பிறகு முதன்மைக் கிளையில் புதிதாக எதுவும் சேரவில்லை என்றால், கிட் அதன் சுட்டியை மட்டும் முன்னே நகர்த்திவிடும். அப்போதும் இரண்டு பெற்றோரை, அதாவது இரு முந்தைய கமிட்டுகளைக் கொண்ட இணைப்புக் கமிட் வேண்டுமென்றால் அதை நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும். சுட்டியை மட்டும் நகர்த்தும் இந்த ஃபாஸ்ட் ஃபார்வர்டுக்கு வரைவில் ‘வேக முன்னோட்டம்’ என்று இருக்கிறது. வேகம் இங்கே பொருட்டே அல்ல; முன்னோட்டம் என்றால் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். ‘முன்னகர்வு’ போதும்.

முரண் பற்றிய பத்தியை முழுவதுமாக மாற்றி எழுத வேண்டும். கிட் இரு கிளைகளின் முனைகளையும் அவற்றின் பொது மூதாதைக் கமிட்டையும் ஒப்பிடுகிறது; ஒரே இடத்தை இரு பக்கமும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் அங்கே குறியிட்டு, ஏனையவற்றை இணைத்துவிட்டு, நம் முடிவுக்காகக் காத்திருக்கிறது. ‘இணைப்பு தோற்றுப் பழைய நிலை திரும்பும்’ என்பது தவறு. கைவிடுமாறு நாம் கட்டளையிட்டால்தான் திரும்பும். முரண் எழாததாலேயே நிரல் சரியாக இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை: ஒரு கிளையில் ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயரை மாற்றி, மற்றதில் பழைய பெயரிலேயே புதிதாக அழைத்திருந்தால், கிட் இரண்டையும் மறுப்பின்றி இணைத்துவிடக்கூடும். இந்த எச்சரிக்கை வரைவில் இல்லை; சேர்க்க வேண்டும்.

ஒரு கிளையின் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மீண்டும் இடும் ரீபேசுக்கான (rebase) சொல்லைத் தனி இழையில் பேசலாம். வேறு சொல் வைத்திருப்பவர்கள், மேலே உள்ள ‘முதன்மைக் கிளையில்’ என்ற வாக்கியத்தில் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.