வயரும் வைஃபையும் சேர்ந்திருந்தால் இணைப்பு அறுகிறது: மாடி அறைக் கணினிக்கு உதவி தேவை

திருநகர் கணக்காளர்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில், வீட்டிலிருந்தபடியே நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். அவற்றில் ஒன்று மாசி வீதியில் உள்ள ஜவுளிக் கடை. அந்தக் கடைக் கணினியில் இருக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளை ரிமோட் மென்பொருள் வழியாகத் திறந்து, என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், 15-ஆம் தேதிக்கு மேல் இணைப்பு ஒரு முறை அறுந்தாலும் எனக்கு அரை நாள் வேலை பின்தங்குகிறது.

வீட்டில் உள்ள அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளக் கூடத்தில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. 200 மெகாபிட் திட்டம். அதிலிருந்து இரண்டு லேன் கேபிள்கள் வெளிச்சுவர் வழியாக மாடிக்கு ஏறுகின்றன. ஒன்று நேராக என் மேசைக் கணினிக்கு வருகிறது. மற்றது பக்கத்து அறையில் உள்ள பழைய ரவுட்டருக்குப் போகிறது. மாடி முழுவதற்கும் வைஃபை கொடுப்பது அந்த ரவுட்டர்தான். கணினியில் விண்டோஸ் 11 ஹோம். வைஃபை வசதி மதர்போர்டிலேயே இருக்கிறது.

இரண்டு இணைப்பும் இயங்கும்போது ரிமோட் திரை பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை உறைந்து, பின்பு மறுபடி இணைகிறது. வேகத்தைச் சோதித்தால் ஒரு நேரம் 94 காட்டுகிறது, இன்னொரு நேரம் 180 காட்டுகிறது. வைஃபையை அணைத்துவிட்டால் ரிமோட் திரை ஒரு முறைகூட உறைவதில்லை, ஆனால் வேகம் 94-க்கு மேல் ஏறுவதில்லை. அதோடு வைஃபை வழியாக இயங்கும் பிரிண்டரும் கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பார்க்க வந்த பணியாளர், இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வயர் முதன்மையாகவும், அது போனால் வைஃபை கைகொடுப்பதாகவும், பிரிண்டர் எப்போதும் இயங்குவதாகவும் அமைக்க வழி உண்டா?

அண்ணா நகர் வாசகர்

இது டிரைவர் கோளாறாகத்தான் இருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் கொடுத்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

செல்லூர் கேபிள் பணியாளர்

தங்கைக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் லேன் இழுத்து வருகிறேன். நெட்வொர்க் ரீசெட்டை இப்போது தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அடாப்டர்களை, அதாவது கணினியின் வயர், வைஃபை இணைப்புப் பகுதிகளை, அழித்து மறுபடி நிறுவும். சேமித்த வைஃபை கடவுச்சொல், நாமே கொடுத்த ஐ.பி. முகவரி (வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) எல்லாம் போய்விடும். தாக்கல் நேரத்தில் அந்த வேலையை இழுத்துவிட்டுக்கொள்ளக் கூடாது.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது 94 என்ற எண்தான். கணினியும் பெட்டியும் தமக்குள் 100 மெகாபிட் வேகத்துக்கு ஒத்துக்கொண்டால், நடைமுறையில் கிடைக்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 94. ஆகவே உங்கள் வயர் 1000-இல் ஓட வேண்டிய இடத்தில் 100-இல் ஓடுகிறது என்று சந்தேகிக்கிறேன். வேகம் குறைவதோடு இது நிற்காது. எந்தப் பாதையில் போவது என்று விண்டோஸ் எடுக்கும் முடிவையும் இது மாற்றிவிடும்.

விண்டோஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் மெட்ரிக் என்ற ஓர் எண்ணைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. இணையத்துக்குப் போக இரண்டு வழிகள் இருந்தால், எண் குறைவாக உள்ள வழியை அது எடுத்துக்கொள்ளும். வயர் என்றால் எப்போதும் முன்னுரிமை என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அந்த எண் இணைப்பின் வகையையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துப் போடப்படுகிறது. 1000 மெகாபிட் லேனுக்கு 25 கிடைக்கும். அதே லேன் 100-க்கு இறங்கினால் 35 ஆகிவிடும். வைஃபை 500 மெகாபிட்டுக்கு மேல் இணைந்திருந்தால் 30, 200 முதல் 500 வரை 35, 80 முதல் 150 வரை 45. நல்ல வைஃபையும் நொண்டும் வயரும் ஒரே கணினியில் இருந்தால் வைஃபைதான் முந்தும்.

மூன்று விவரங்களை எடுத்து எழுதுங்கள். முதலாவது, நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் இரண்டு அடாப்டர்களின் ஸ்டேட்டஸைத் திறந்தால் தெரியும் ஸ்பீட். இரண்டாவது, இரண்டின் ஐ.பி. முகவரியும், வெளியே போகும் வாசலான கேட்வேயின் முகவரியும். மூன்றாவது, கமாண்ட் பிராம்ப்ட்டில் ரூட் பிரிண்ட் கட்டளை கொடுத்தால் வரும் பட்டியலில் 0.0.0.0 என்று தொடங்கும் வரிகளின் கடைசி எண், அதுதான் மெட்ரிக். வைஃபை வேகத்தை மட்டும் ஒரே தடவை பார்க்காமல், ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருநகர் கணக்காளர்

அண்ணனுக்கு நன்றி. வயரின் ஸ்பீட் 100 தான். முகவரி 192.168.1.7, கேட்வே 192.168.1.1, மெட்ரிக் 35. வைஃபையின் முகவரி 192.168.0.103, கேட்வே 192.168.0.1. காலை பத்து மணிக்கு அதன் வேகம் 866, மெட்ரிக் 30. பதினொரு மணிக்குள் மூன்று முறை 144 என்று மாறியது. அப்போது மெட்ரிக் 45 காட்டியது. ரவுட்டர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவரும், அதை ஒட்டி ஓர் இரும்பு பீரோவும் இருக்கின்றன. பிரிண்டரின் முகவரி 192.168.0.50, அதை என் கணவர் நிலையாகக் கொடுத்து வைத்தார்.

செல்லூர் கேபிள் பணியாளர்

இதில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு கோளாறுகள்.

முதலில் இணைப்பு அறுவதைப் பார்ப்போம். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸிலும் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரே பெயரில் வைஃபை கொடுக்கிறது. பீரோவைத் தாண்டி வரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தளரும்போது கணினி 2.4-க்குத் தாவுகிறது, அதுதான் 866 என்பது 144 ஆவதற்குக் காரணம். 866 இருக்கும் நேரத்தில் நீங்கள் ரிமோட்டைத் திறந்தால், 30 என்ற எண்ணால் அது வைஃபை வழியே போகும். ஒரு முறை தொடங்கிய தொடர்பு, தொடங்கிய முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வயர் சும்மா கிடந்தாலும் தானாக அதற்கு மாறிக்கொள்ளாது. ஆகவே வைஃபை தாவும் ஒவ்வொரு முறையும் உங்கள் திரை உறைகிறது. 144 இருக்கும் நேரத்தில் வேகச் சோதனை தொடங்கினால், வயரின் 35 முந்துவதால் 94 வருகிறது. மற்ற நேரத்தில் 180 வருகிறது.

வயர் ஏன் 100-க்கு இறங்கியது என்பது அடுத்தது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக இருக்கும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறைக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு சாவதில்லை. பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. புதிதாக எதையும் வாங்கும் முன், மாடி ரவுட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றி உங்கள் கணினியில் செருகிப் பாருங்கள். அப்போது 1000 வந்தால் கணினி நன்றாக இருக்கிறது, உங்கள் கேபிளோ அது செருகியிருக்கும் பெட்டித் துளையோ பழுது என்று பொருள். கீழே துளையை மாற்றிச் செருகினால் அதுவும் தெளிவாகிவிடும்.

பிரிண்டர் சங்கதி வேறு. மாடி ரவுட்டரின் வான் (WAN) துளையில், அதாவது வெளி இணைப்பு உள்ளே வரும் துளையில், கேபிள் செருகியிருப்பதால், அது தனக்கென்று 192.168.0 என்ற தனி வலையை நடத்துகிறது. உங்கள் வயர் கீழ்ப்பெட்டியின் 192.168.1 வலையில் இருக்கிறது. மேல் வலையில் இருப்பவர் கீழே இறங்கலாம். கீழ் வலையில் இருப்பவர் மேலே நுழைய ரவுட்டர் கதவு திறக்காது. எனவே வைஃபையை அணைத்தவுடன் பிரிண்டர் மறைகிறது. மாடி ரவுட்டரை வெறும் வைஃபை கொடுக்கும் கருவியாக மாற்றிவிட்டால் வீடு முழுவதும் ஒரே வலையாகிவிடும். அதற்கு, வரிசை மாறாமல், முதலில் மாடி ரவுட்டரின் லேன் முகவரியைக் கீழ்ப்பெட்டியின் வலைக்குள், அது மற்றவற்றுக்கு வழங்கும் வரிசைக்கு வெளியே உள்ள ஓர் எண்ணாக மாற்றுங்கள், 192.168.1.250 என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அதில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வேலையை, நிறுத்துங்கள். அதன் பின்பே கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் ஒரே வலையில் முகவரி வழங்க இருவர் நிற்பார்கள். வீட்டில் உள்ள கைப்பேசிகள்கூட ஒவ்வொன்றாகத் தடுமாறத் தொடங்கும். பிரிண்டருக்குக் கொடுத்த பழைய நிலை முகவரியையும் மாற்ற வேண்டும்.

நாகமலை மாணவர்

ஐயா, என் மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு இருக்கிறது. அதிலும் இப்படி நடக்குமா?

செல்லூர் கேபிள் பணியாளர்

தம்பி, அதில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் வழக்கமாக வயருக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் போடுகிறது. வேகத்தைப் பார்த்து மாற்றுவதில்லை. வயர் நொண்டினாலும் வயரே முந்தும்.

திருநகர் கணக்காளர்

அண்ணன் சொன்னபடி கேபிளை மாற்றிச் செருகியதும் 1000 வந்தது. கீழே துளையை மாற்றிப் பார்த்தும் என் கேபிளில் 100 தான். ஒரு பணியாளரை அழைத்து டெஸ்டரில் போட்டுப் பார்த்ததில் நீல ஜோடிக்கான 4, 5 ஆகிய விளக்குகள் எரியவில்லை.

வெளிச்சுவரில் சன்ஷேடுக்கு மேலே, வேப்பமரக் கிளை உரசும் இடத்தில், உறை வெடித்து உள்ளே நீலக் கம்பி தெரிந்தது. வெயிலில் காய்ந்து உறை சுக்காகிவிட்டது என்றார் பணியாளர். அணில் கடித்த தடமும் இருந்தது. ரவுட்டருக்குப் போகும் கேபிள் கருப்பு உறை போட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். புது கேபிள் எந்த வகை வாங்க வேண்டும்? மெட்ரிக் எண்ணை நானே கையால் போட்டுவிடலாமா?

செல்லூர் கேபிள் பணியாளர்

கேட்-6, முழுச் செம்புக் கம்பி, வெளிப்புறத்துக்கான கருப்பு உறை என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை குறைவாகக் கிடைக்கும். கையில் தூக்கினாலே எடை குறைந்து தெரியும், வளைக்கும் இடத்தில் எளிதில் ஒடியும். நம்மூர் வெயிலுக்கு உள்வீட்டுச் சாம்பல் நிறக் கேபிளை வெளிச்சுவரில் விடவே கூடாது. செலவானாலும் பிவிசி குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். அணிலுக்கும் வெயிலுக்கும் அதுவே மருந்து. கிளையையும் கொஞ்சம் கழித்துவிடலாம்.

மெட்ரிக்கை நீங்களே போடலாம், போடவும் வேண்டும். கேபிள் சரியானதும் வயர் 25 பெற்றுத் தானாக முந்தும் என்றாலும், நாளை மறுபடி ஒரு கம்பி போனால் பழைய கதை திரும்பும். அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் ஐபிவி4 வரியைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் என்ற குறியை எடுத்துவிட்டு வயருக்கு 10, வைஃபைக்கு 50 கொடுங்கள். ஐபிவி6 வரியிலும் இதையே செய்ய வேண்டும். இவை பழைய, புதிய முகவரி முறைகள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால், ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் போக்குவரத்து பழைய வழியிலேயே போகக்கூடும்.

திருநகர் கணக்காளர்

அண்ணன், ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். புது கேபிளைக் குழாய்க்குள் இழுத்தாயிற்று; ஸ்பீட் 1000 காட்டுகிறது. மாடி ரவுட்டரின் முகவரி, டிஹெச்சிபி, கேபிள் என்று நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். பிரிண்டருக்கு 192.168.1.240 கொடுத்து, கணினியில் பழைய பிரிண்டரை நீக்கிப் புதிதாகச் சேர்த்த பிறகு, வைஃபையை அணைத்தாலும் அச்சு வருகிறது.

இரண்டு இணைப்பும் இயங்கும் நிலையில் திங்கள் முதல் சனி வரை ரிமோட் திரை ஒரு முறைகூட உறையவில்லை. வேண்டுமென்றே வயரைக் கழற்றியும் பார்த்தேன்; சில நொடிகள் நின்று, மறுபடி இணைந்து, வைஃபை வழியே டேலி அதே பக்கத்தில் திறந்தது. இந்த மாதம் ஜவுளிக் கடையின் 3பி படிவத்தை 18-ஆம் தேதியே தாக்கல் செய்துவிட்டேன்.

பழைய கேபிள் இன்னும் சுவரிலேயே கிடக்கிறது. அதை அப்படியே விட்டுவைக்கலாமா?

செல்லூர் கேபிள் பணியாளர்

கழற்றிவிடுங்கள், தங்கை. கீழ்ப்பெட்டியில் அதன் முனை செருகியே இருந்தால், உறை வெடித்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கிப் பெட்டித் துளையையும் கெடுத்துவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.