வரி ஏறலையாம்ல! டெட்ராய்ட் வீடு இடிப்புக் கடன்

மாடசாமி_டெட்ராய்ட்:
ட்ராய் தம்பி நேத்து எழுதுனதப் பாத்து காலையிலேயே கடுப்பு. "டெட்ராய்ட் நகராட்சி 250 மில்லியன் டாலர் பாண்டு (கடன் பத்திரம்) போட்டு பாழடைஞ்ச வீடுங்கள இடிச்சுது, ஜனங்களுக்கு ஒரு பைசா வரி ஏறல"ன்னு. யோவ், பழைய கடன் அடைய அடைய அந்தக் கடனுக்கான வரி தானா இறங்கியிருக்கணும். புதுசா கடன் வாங்குனதால இறங்கல. இறங்க வேண்டியத புடிச்சு வச்சுகிட்டு ஏறலன்னு மார்தட்டுனா எப்படி?

ட்ராய்_தம்பி:
அண்ணே ஒரே கேள்வி. வரி ரேட் ஏறுச்சா, ஏறலையா? ஏறல. 2020 நவம்பர்ல இந்தப் பாண்ட ப்ரபோசல் என்-னு ஜனங்க ஓட்டுக்கு விட்டாங்க, பத்துல ஏழு பேரு சரின்னாங்க. 8,000 வீடு இடிக்க, 8,000 வீட்ட காப்பாத்த. அவ்ளோ பேருக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சாக்கும்.

மாடசாமி_டெட்ராய்ட்:
ஓட்டுக்கு முன்னாடி நடந்தத ஏன் முழுங்கிட்ட? 2019 நவம்பர்ல நகர கவுன்சில் இந்தத் திட்டத்த 6-3ன்னு நிராகரிச்சுச்சு, அப்புறம் அப்ப மேயரா இருந்த டக்கன் மாத்தி எழுதி திரும்பக் கொண்டாந்தாரு. அதுக்கும் முன்னாடி 2010லேர்ந்து 2016 வரைக்கும் வீட்டு மதிப்ப ஏத்திக் காட்டி குறைஞ்சது 600 மில்லியன் டாலர் அதிகமா வரி புடுங்கியிருக்காங்கன்னு டெட்ராய்ட் நியூஸ் பேப்பரே போட்டுச்சு, அந்த வரி கட்ட முடியாம வீட்டப் பறிகொடுத்தவன் எத்தன பேரு, அவன் விட்டுட்டுப் போன வீடுதானப்பா பாழாகி நிக்குது, இப்ப அத இடிக்கவும் எங்க வரி. டெட்ராய்ட்டுக்கு வெளிய ட்ராய் ஊர்ல உக்காந்துகிட்டு வரி ஏறலன்னு நீ சொல்லாத. பில்லு எனக்கு வருது.

கிளீவ்லேண்ட்_குமார்:
ரெண்டு பேரும் பாதிக்கதைய விட்டுட்டீங்க. இந்தப் பாண்டுக்கு முன்னாடி நிறைய இடிச்சது ஹார்டெஸ்ட் ஹிட் ஃபண்ட் காசுல. வீட்டுக்கடன் கட்ட முடியாதவங்களக் காப்பாத்த ஃபெடரல் அரசு குடுத்தது, 2013ல டெட்ராய்ட் இருக்குற மிச்சிகன் மாநிலந்தான் முதல் ஆளா அத இடிக்கறதுக்கும் அனுமதி வாங்குச்சு. வீட்டுக்கு 25,000 டாலர் வரைக்கும் கேட்பாரில்லாத வீடுங்கள எடுத்துக்குற லேண்ட் பேங்குங்கற அரசு அமைப்புக்கு வட்டியில்லாக் கடன், சொத்து மேல லீன் (கடனுக்கு அடமான உரிமை) போட்டாங்க, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுபடி, 5 வருஷத்துல பூஜ்யம். எங்க ஓஹையோவுலயும் அந்தக் காசுலதான் இடிச்சோம், இவ்ளோ கூத்து இல்லாம.

மாடசாமி_டெட்ராய்ட்:
வந்துட்டாருய்யா ஓஹையோ வக்கீல். திருப்பிக் கட்ட வேண்டாத கடன பத்தி யாரு கேட்டா? 2016ல டெட்ராய்ட்டுக்கு அந்தக் காசையே ஃபெடரல்காரங்க ரெண்டு மாசம் நிறுத்தி வச்சாங்களே, அதையும் சொல்லு. நான் பேசுறது திருப்பிக் கட்டுற கடன். இறங்க வேண்டிய வரி இறங்கல. இறங்கல. இறங்கல.

கேன்டன்_அக்கா:
வரிய விடுங்கப்பா. இடிச்ச குழியில கொட்டுன மண்ணு சுத்தமானதான்னே சந்தேகம் வந்து, விசாரணை அது இதுன்னு போச்சு. பக்கத்துல புள்ளைங்க விளையாடுது. அதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க.

ட்ராய்_தம்பி:
அக்கா, இடிக்காம விட்டா மட்டும்? 2014ல கணக்கெடுத்தப்போ உடனே இடிக்கணும்னு 40,000 கட்டடம் வந்துச்சு. ஒன்னுல தீ வச்சா பக்கத்து வீடும் போகுது, வீட்டு விலையும் போகுது. மாடசாமி அண்ணன் வீட்டு விலை இப்ப ஏறியிருக்குல்ல, அது எதனாலயாம்? வரி மட்டும் கண்ணுல படுது. ரேட் ஏறுச்சா ஏறலையா, ஆமா இல்லைன்னு சொல்லுங்க, போயிடறேன்.

மாடசாமி_டெட்ராய்ட்:
வீட்டு விலை என்ன இட்லியாடா, வித்து சாப்பிட? நான் விக்கப் போறதில்ல. விலை ஏறுனா வரிதான் ஏறும், அதுவும் உனக்குப் புரியாது. வாடகைக்கு இருந்தவனெல்லாம் வரியப் பத்தி க்ளாஸ் எடுக்குறான்.

ட்ராய்_தம்பி:
ஆ, "வரி ஏறும்"னு நீங்களே சொல்லிட்டீங்க, அது வேற வரி. கடன் ரேட் ஏறல. அப்புறம் வாடகைன்னு பேசாதீங்க, போன வருஷமே வாங்கிட்டேன். மில்லியன் கணக்கெல்லாம் பேசுறவரு பொங்கல் விழா கணக்கக் காட்டுங்களேன். பொருளாளர் நீங்கதான?

கேன்டன்_அக்கா:
மண்ணு பத்தி கேட்டேன்.

கிளீவ்லேண்ட்_குமார்:
அதானே, அந்தக் கணக்கு எங்க?

மாடசாமி_டெட்ராய்ட்:
பொங்கல் கணக்கு ஆடிட்டர்கிட்ட இருக்கு, அவரு ஊருக்குப் போயிருக்காரு. குமாரு, நீ சந்தாவே கட்டல, நீ பேசாத. தம்பி, ராத்திரி என் பழைய வரி பில்லு எல்லாத்தையும் போட்டோ எடுத்துப் போடுறேன், எந்த வருஷம் இறங்குச்சுன்னு வட்டம் போட்டுக் காட்டு பாப்போம்.

ட்ராய்_தம்பி:
போடுங்க. கூடவே பொங்கல் பந்தல்காரர் பில்லையும் போடுங்க.