அம்மம்மாவின் வலக்கண்

ஆரையம்பதிச் சின்னம்மா: அம்மாவுக்கு வலது கண் சரியாகத் தெரியவில்லை. காலையில் மீன்காரனுக்கு 100 என்று 5000 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டா. நல்ல பெடியன், திருப்பித் தந்தான்.

கனடா மாமா: வெண்புரைதான். பிரைவேட்டில் செய்யுங்கள், காசு நான் போடுகிறேன்.

கல்லடி அக்கா: என்ன மீன்?

ஆரையம்பதிச் சின்னம்மா: திரளி

பெரியப்பா: கொஞ்சம் பொறுங்கள். வெண்புரை என்று நாம் எப்படி முடிவு கட்டுவது? அவவுக்குச் சீனி வருத்தம், விழித்திரை பழுதாகியிருக்கலாம். அது பழுதென்றால் புது லென்ஸ் வைத்தாலும் பார்வை சரியாக வராது. சீனி உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டவேண்டும் என்று எத்தனை தரம் சொன்னேன்! முதலில் ஓபிடியில் காட்டித் துண்டு எடுங்கள், பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு. சீனிக் கொப்பியும் போடுகிற குளிசைகளும் கையில் இருக்கட்டும். கண்மணி விரிய மருந்து விடுவார்கள், சில மணித்தியாலம் எல்லாம் மங்கலாகத் தெரியும். தனியே அனுப்பாதீர்கள். இங்கே முடியாத வேலை என்றால் கொழும்புக் கண்ணாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள்.

தம்பி: பெரியப்பா, வொய்ஸ் போட்டிருக்கலாம்

கனடா மாமா: யார் கூட்டிப்போவது? வீடு யாருக்கு எழுதினாவோ அவர்கள்தானே.

ஆரையம்பதிச் சின்னம்மா: அண்ணா, சீதனக் கதையை இங்கே இழுக்க வேண்டாம். ஓடு மாற்றினது யார்?

கல்லடி அக்கா: தொடங்கிட்டு

குட்டி: அம்மம்மாவைக் கேட்டேன். நேற்றிரவு தொடங்கிக் கண்ணுக்குள் கறுப்புப் பூச்சி பறக்குதாம். நான் நுளம்புத்திரி கொளுத்தி வைத்தேன். இப்போது ஒரு ஓரம் திரை இழுத்த மாதிரி இருக்காம்.

பெரியப்பா: அப்படியென்றால் துண்டும் வேண்டாம், கிளினிக் நாளும் பார்க்க வேண்டாம். விழித்திரை கழன்றிருக்கலாம், உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

கனடா மாமா: ஐயோ

தம்பி: ஆட்டோ சொல்லிவிட்டேன்

கல்லடி அக்கா: நான் பாலத்தடியில் ஏறுகிறேன்

ஆரையம்பதிச் சின்னம்மா: நான் பள்ளிக்கூடத்தில் நிற்கிறேன். அதிபரிடம் கேட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். கொழும்பு என்றால் யார் போவது அத்தான்?

பெரியப்பா: முதலில் இங்கே காட்டுங்கள்.

கனடா மாமா: டிக்கெட் காசு நான் போடுகிறேன்.

ஆரையம்பதிச் சின்னம்மா: காசு சரி அண்ணா, ஆள்?

குட்டி: அம்மம்மா திரளியை ஆக்கிவிட்டுத்தான் வருவாவாம்

பெரியப்பா: அடுப்பை நூரு புள்ள!

குட்டி: நூர்த்தாச்சு. என்னை ஏசுறா. கொப்பி அலுமாரிக்குள், சாவி யாரிடம்?