மறுமொழி: கோஸ்டிங் – 'மிதியா ஓட்டம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, சேர்ந்த வேகத்திலேயே காரை ஓடவிடுவதைக் குறிக்கும் 'கோஸ்டிங்' (coasting) என்ற சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்தவற்றில் 'தன்னோட்டம்' எனக்கு ஒப்பவில்லை. ஓட்டுநர் இல்லாத காரைத் 'தானோட்டிக் கார்' என்று எழுதத் தொடங்கிவிட்டோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார். 'உருட்டோட்டம்' இன்னும் சிக்கல். வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன் என்றால் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்தேன் என்றுதான் பொருள்.

என் பரிந்துரை: மிதியா ஓட்டம். பாலத்து இறக்கத்தில் சைக்கிளை மிதிக்காமல் விடுவோமே, அதேதான். காரில் ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டையுமே மிதிக்கிறோம்; இரண்டையும் தொடாமல், ஏற்கெனவே சேர்ந்த வேகத்தில் ஓடுவது இது. வாடா மலர், அழியாப் புகழ் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே இலக்கணத்திலும் இடறல் இல்லை. 'கார் மிதியாமல் ஓடுகிறது' என்று வினையாகவும் வளையும்.

ஆனால் இதற்குள் இரண்டு வகை உண்டு, அதைப் பெயரிலேயே பிரித்துக் காட்ட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் எரிபொருள் பாய்வது நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். அந்த இழுவையில் வேகம் குறையும். நியூட்ரலில் விட்டால் கார் இன்னும் தூரம் ஓடும், ஆனால் எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது சும்மா சுழன்றபடி, எரிபொருள் குடித்துக்கொண்டே இருக்கும். மலை இறக்கத்தில் நியூட்ரல்தான் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே மிச்சமும் இல்லை. எஞ்சின் பிடிப்பு போய், பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போகும் ஆபத்துதான் மிச்சம். முதல் வகையைப் 'பிணை ஓட்டம்' என்றும் இரண்டாவதை 'விடு ஓட்டம்' என்றும் சொல்லலாம்.

எப்போது எது என்று காரே முடிவு செய்வதுதான் தானியக்கம். 2017-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1.5 டிஎஸ்ஐ ப்ளூமோஷனில், காலை எடுத்தால் மணிக்கு 130 கி.மீ. வேகம் வரை எஞ்சினையே அணைத்துவிட்டு ஓடும் வசதி உண்டு. அப்போது காரின் மின்சாரத் தேவையைக் கூடுதலாக ஒரு சிறிய லித்தியம் அயான் பேட்டரி பார்த்துக்கொள்கிறது. சாதாரணக் காரில் நாமே சாவியைத் திருப்பி அணைத்தால் கொஞ்ச நேரத்தில் பிரேக் கல்லாகிவிடும். இந்த வசதிக்குத் 'தானியங்கு விடு ஓட்டம்' பொருந்துமா? காரின் திரையில் காட்ட இது நீளம் என்றால் 'தானியங்கு' இல்லாமலே விடலாம். 'விடு'வை மட்டும் எடுக்கக் கூடாது.

'மிதியாவோட்டம்' என்று சேர்த்து எழுத வேண்டும் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள். நான் பிரித்தே எழுதுவேன்.