திவாலான கம்பெனித் தோட்டாவை நம்பலாமா?

காங்கேயங்காளை:
நேத்து ஷூட்டிங் ரேஞ்சுல ஒருத்தர், "ரெமிங்டன் ரெண்டு தடவை திவாலானது, அந்தத் தோட்டாவ வாங்கறவன் ஏமாளி"ன்னு புதுப் பசங்ககிட்டச் சொல்லிட்டிருந்தாருங்க. கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 1816ல ஆரம்பிச்ச அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாக் கம்பெனி அது. 2018லயும் 2020லயும் திவால் மனு போட்டது நெசந்தான், அதுக்குக் காரணம் கடன். ஆர்கன்சா மாநிலம் லோனோக்ல இருக்கற தோட்டா ஆலையை 2020லயே விஸ்டா அவுட்டோர் வாங்கிருச்சு. ஃபெடரல், சிசிஐன்னு பேர்போன தோட்டா பிராண்டு ரெண்டும் ஏற்கெனவே அவிங்ககிட்டத்தான் இருந்துச்சு. தோட்டா பண்ணத் தெரியாதவங்களா அவிங்க?

சிறுவாணித்தண்ணி:
அந்த "ஒருத்தர்" நாந்தான். மொகத்துக்கு நேரா கேட்டிருக்கலாமே. 2024ல ரெமிங்டனோட இலியன் ஆலைய மூடுனாங்க. அதே வருசம் தோட்டா வியாபாரம் செக் நாட்டு சிஎஸ்ஜி கம்பெனி கைக்குப் போச்சு. நாலு வருசத்துல மூணு மொதலாளி. பணமொடை வந்தா மொதல்ல கை வெக்கறது செக்கிங் ஆளுங்க மேலதான், மில்லு நடத்துன ஊர்க்காரங்களுக்கு இது தெரியாதா? போன மாசம் நான் வாங்குன பெட்டில, பேரு வேண்டாம், 50க்கு ரெண்டு வெடிக்கல.

காங்கேயங்காளை:
இலியன் துப்பாக்கி ஆலைங்க. நாம பேசறது தோட்டா. அத உடுங்க. அந்த ரெண்டையும் திருப்பிப் போட்டு அடிச்சீங்களா?

சிறுவாணித்தண்ணி:
துப்பாக்கி மேலயும் தோட்டா மேலயும் ஒரே பேருதான போட்டிருக்கு!

காங்கேயங்காளை:
திருப்பிப் போட்டீங்களான்னு கேட்டேன். நாம சுடற பாயிண்ட் 22 தோட்டாவுக்கு நடுவுல பிரைமர், அதான் அடிச்சதும் பத்திக்கற மூடி, கெடையாது. அந்தப் பத்திக்கற மருந்தை ஈரமா வெச்சுச் சுழட்டி, ரிம்முக்குள்ள, அதான் அடி விளிம்புக்குள்ள, பரப்பறாங்க. ஒரு எடத்துல பரவாம உட்டுப்போயி, துப்பாக்கியோட பின்னு அங்கயே அடிச்சா வெடிக்காது. அரை நிமிசம் குழல டார்கெட் பக்கமே வெச்சிருந்து, வெளிய எடுத்து, அரைச் சுத்து திருப்பிப் போடோணும். இப்ப வெடிச்சா குத்தம் தோட்டா மேல. வெடிக்கலைன்னா ரிம்முல பள்ளம் எவ்வளவு ஆழம்னு பாக்கோணும். லேசா இருந்தா உங்க பின்னு தேஞ்சிருக்கு.

சிறுவாணித்தண்ணி:
இருவது வருசமா படுத்துச் சுடறேன். என்ற ரைபிளப் பத்தி எனக்குப் பாடம் வேண்டாம்.

நொய்யல்:
அண்ணா, ரெண்டு பேரும் சித்த நில்லுங்க. 50 மீட்டர் டார்கெட்ல பத்துப் பாயிண்ட் வளையம் குறுக்க 10.4 மில்லிமீட்டர்தான். வெடிக்கறது ஒரு சங்கதி, ஒரே எடத்துல உழுகறது வேற சங்கதி. ஈலி, லபுவான்னு தோட்டாக் கம்பெனிங்க பக்கம் நம்ம ரைபிளயே பூட்டி வெச்சு, லாட் லாட்டா, அதான் ஒரே தடவைல பண்ணுன சரக்கு ஒவ்வொன்னா, அடிச்சுப் பாத்து வாங்கலாம். ஒரே பேரு போட்ட பெட்டிதான், லாட் மாறுனா குரூப், குண்டு உழுகற கொத்து, மாறுது. உங்க பெட்டி லாட் நம்பர் என்னங்ண்ணா?

பவானிஜமக்காளம்:
லாட் நம்பர் எதுக்குங்க? அவரு பெட்டிய வண்டி டிக்கியிலயே வெச்சிருப்பாரு. சித்திரை மாசம் கரூர் மேட்சுக்கு வந்தப்ப நானே பாத்தேன், தொட்டா கை சுடுது.

சிறுவாணித்தண்ணி:
பவானி, என்ற கிளீனிங் ராடு வாங்கிட்டுப் போயி எட்டு மாசமாச்சு. மொதல்ல அதக் கொண்டாந்து குடு, பொறவு டிக்கியப் பத்திப் பேசு.

பவானிஜமக்காளம்:
ராடு குடுத்தாச்சு. கிளப் பீரோவுல மேல் தட்டுல இருக்குது, வாட்ச்மேனக் கேளுங்க.

சிறுவாணித்தண்ணி:
பீரோவுல இருக்கறது அலுமினியம். நான் குடுத்தது கார்பன்.

காங்கேயங்காளை:
ராடு கெடக்கட்டும். திருப்பிப் போட்டீங்களா இல்லீங்களா?

நொய்யல்:
லாட் நம்பர் கேட்டனுங்க.

சிறுவாணித்தண்ணி:
போட்டேன். வெடிக்கல. போதுமா?

காங்கேயங்காளை:
வெடிக்கலையா? அப்படின்னா பின்னுதான் குத்தம். உங்க வாயாலயே வந்துருச்சு.

சிறுவாணித்தண்ணி:
பின்னு குத்தம்னா மிச்சம் 48 எப்படி வெடிச்சுதுங்க? ஆராவது பதில் சொல்லுங்க பாக்கலாம்.

காங்கேயங்காளை:
தேஞ்ச பின்னு அப்படித்தான், ஒன்னு வெடிக்கும் ஒன்னு வெடிக்காது. இன்னொன்னும் கேளுங்க. அன்னைக்கு நான் பக்கத்து லேன்லதான் படுத்திருந்தேன். வெடிக்காத மொதத் தோட்டாவ நீங்க எடுத்து, "த்தூ"ன்னு சொல்லி, நேரா தகர டப்பாவுல போட்டீங்க. அது உழுந்த சத்தம் எனக்குக் கேட்டுது. எப்பங்க திருப்பிப் போட்டீங்க?

சிறுவாணித்தண்ணி:
அடுத்தவன் டப்பாவ எண்ணிட்டுப் படுத்திருந்தா ஸ்கோர் எங்கிருந்து வரும்? வெடிக்காத ரெண்டாவது தோட்டாவத்தான் திருப்பிப் போட்டேன்.

காங்கேயங்காளை:
ஞாயித்துக்கிழமை பின்னக் கழட்டி எடுத்துட்டு வாங்க. நான் லென்சு கொண்டாறேன்.

பவானிஜமக்காளம்:
அலுமினியமும் இல்லீங்க அது, பித்தளை.