உபுண்டுவில் ஜென்கின்ஸ்: கையால் ஓட்டினால் வருகிறது, சர்வீஸாக எழும்ப மாட்டேன் என்கிறது

மடிவாளா மாடிவீடு:
வணக்கம். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் சின்ன ஆபீஸ் எங்களுடையது. வாடிக்கையாளரின் கோட் வெளியே போகக்கூடாது என்பதால் கிளவுட் எதுவும் வேண்டாம், மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பிலேயே ஜென்கின்ஸ் (கோடைத் தானாகவே பில்டு செய்து சோதிக்கும் சர்வர்) போடு என்று சொல்லிவிட்டார்கள். உபுண்டு 22.04. உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏபிடி வழியாகத்தான் நிறுவினேன். நிறுவல் முடியும்போதே சர்வீஸ் விழுந்துவிட்டது. ஸ்டேட்டஸ் கேட்டால் ‘ஃபெயில்டு’, கீழே ‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி’.

ஜாவா 17 வேண்டும் என்று எங்கோ படித்து, எஸ்டிகேமேன் (ஜாவா பதிப்புகளை நிறுவும் கருவி) மூலம் அதையும் போட்டாயிற்று. டெர்மினலில் ஜாவா வெர்ஷன் கேட்டால் 17 என்றுதான் சொல்கிறது. ஜென்கின்ஸின் வார் கோப்பை (முழு நிரலும் அடங்கிய ஜாவா கோப்பு) நானே ஓட்டினால் 9090 போர்ட்டில் ஜம்மென்று வருகிறது, அட்மின் பாஸ்வேர்டு கூடக் காட்டுகிறது. சர்வீஸாக மட்டும் வருவதில்லை. ஜென்கின்ஸின் வழக்கமான போர்ட்டான 8080-இல் எங்கள் டாம்கேட் வெப் சர்வர் ஓடுவதால், எட்சி டிஃபால்ட் என்ற அமைப்புக் கோப்புறையில் உள்ள ஜென்கின்ஸ் கோப்பில் 8081 என்று மாற்றி வைத்திருக்கிறேன். என்னதான் பிரச்சினை?

சில்க்போர்டு சிக்னல்:
ப்ரோ, சர்வீஸை ரூட் (முழு அதிகாரமுள்ள) யூசராக ஓட விடுங்கள். எல்லாம் தானாக ஓடும்.

அல்சூர் அக்கா:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு யாரோ எழுதும் ஒவ்வொரு பில்டு ஸ்கிரிப்டும் அந்த மெஷினில் ரூட்டாக ஓடும். கோட் வெளியே போகக்கூடாது என்று கவலைப்படுகிற இடத்தில் இது வேண்டவே வேண்டாம்.

தம்பி, ஸ்டேட்டஸை விடுங்கள், அதில் லாக்கின் கடைசிச் சில வரிகள்தான் வரும். ஜர்னல்சிடிஎல் என்ற லாக் பார்க்கும் கட்டளையில் ஜென்கின்ஸ் யூனிட்டை (சர்வீஸை) மட்டும் எடுத்துப் பாருங்கள். புதிய பதிப்புகளில் வார் லாக் (பழைய லாக் கோப்புறை) பக்கம் தேடினால் ஒன்றும் கிடைக்காது, லாக் எல்லாம் ஜர்னலுக்குத்தான் போகிறது.

மடிவாளா மாடிவீடு:
பார்த்தேன் அக்கா. ஜாவா 11-இல் ஓடுகிறது, குறைந்தபட்சம் 17 வேண்டும் என்கிறது. என் டெர்மினலில் 17 இருக்கிறதே?

அல்சூர் அக்கா:
உங்கள் டெர்மினலில் இருக்கிறது, ஜென்கின்ஸுக்கு இல்லை. சர்வீஸ் ஓடுவது ‘ஜென்கின்ஸ்’ என்ற தனி யூசரின் பெயரில். எஸ்டிகேமேன் ஜாவாவை உங்கள் ஹோமுக்குள் போட்டு, பாதையை உங்கள் பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கும் கோப்பு) எழுதுகிறது. சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி அதைப் படிப்பதே இல்லை. படித்தாலும் பயனில்லை, 22.04-இல் புது ஹோம் கோப்புறையின் அனுமதி 750, வேறு யூசர் உள்ளே நுழைய முடியாது. அதனால் சர்வீஸ், எல்லோருக்கும் பொதுவான யூஎஸ்ஆர் பின் கோப்புறையில் இருக்கும் ஜாவாவை எடுக்கிறது. 22.04-இல் டிஃபால்ட் ஜாவா என்றால் 11தான். ஜென்கின்ஸோ, 2024 அக்டோபரில் வந்த 2.479.1 எல்டிஎஸ்ஸிலிருந்து (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 11-ஐக் கைவிட்டுவிட்டது.

ஏபிடியிலேயே ஓப்பன்ஜேடிகே 21 ஜேஆர்இ போடுங்கள். உங்கள் பதிப்புக்கு 17-உம் போதும், ஆனால் போடுவதே போடுகிறீர்கள், புதியதாகவே போடுங்கள். கூடவே ஃபான்ட்கான்ஃபிக் (எழுத்துருக்களுக்கான) பேக்கேஜும் வேண்டும், அதை விட்டால் வேறொரு எரர் வந்து நிற்கும். அப்புறம் அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையில் 21-ஐ டிஃபால்ட் ஜாவாவாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒசூர் பஸ் பாஸ்:
அக்கா சொன்னது சரி, ஆனால் அதோடு முடியாது. அடுத்து போர்ட்டில் இடிக்கும்.

2022 மார்ச்சில் வந்த 2.332.1-இலேயே ஜென்கின்ஸ் பழைய இனிட் ஸ்கிரிப்டை விட்டு சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது. எட்சி டிஃபால்ட் கோப்பில் நீங்கள் என்ன எழுதினாலும் சர்வீஸ் திரும்பிப் பார்க்காது. இணையத்தில் பாதிப் பதிவுகள் இன்னமும் அந்தக் கோப்பையே காட்டுகின்றன, அதுதான் கொடுமை. யூனிட் கோப்பையும் (சர்வீஸின் சிஸ்டம்டி அமைப்புக் கோப்பு) நேரடியாகத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும்.

சிஸ்டம்சிடிஎல் எடிட் ஜென்கின்ஸ் கொடுத்தால் எடிட்டர் திறக்கும். மேலே இரண்டு கமென்ட் வரிகள் இருக்கும். எழுதுவதை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுத வேண்டும், கீழே எழுதினால் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘சர்வீஸ்’ என்ற தலைப்பு, அடுத்த வரியில் என்விரான்மென்ட் போட்டு ஜென்கின்ஸ் போர்ட் மாறிக்கு 8081. மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு.

இன்னொன்று. 5 நிமிடத்துக்குள் 5 தடவை விழுந்தால் சிஸ்டம்டி முயற்சியையே நிறுத்திவிடும். நீங்கள் பார்த்த ‘டூ குயிக்லி’ அதுதான். சிஸ்டம்சிடிஎல்லில் ரீசெட் ஃபெயில்டு கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மடிவாளா மாடிவீடு:
8081-இல் வந்துவிட்டது! ரொம்ப நன்றி. ஆனால் குறித்து வைத்திருந்த அட்மின் பாஸ்வேர்டை ஏற்கவில்லை.

அல்சூர் அக்கா:
அது நீங்கள் கையால் ஓட்டிய ஜென்கின்ஸின் பாஸ்வேர்டு. அப்போது உங்கள் ஹோமுக்குள் ‘.ஜென்கின்ஸ்’ என்று ஒரு கோப்புறை உருவாகியிருக்கும். சர்வீஸின் வீடு வார் லிப் ஜென்கின்ஸ் என்ற கோப்புறை. அதற்குள் சீக்ரெட்ஸ் கோப்புறையில் ‘இனிஷியல் அட்மின் பாஸ்வேர்டு’ என்ற கோப்பு இருக்கும், சூடோ போட்டுத் திறந்து பாருங்கள். உங்கள் ஹோமில் இருக்கும் பழைய ‘.ஜென்கின்ஸ்’ கோப்புறையை அழித்துவிடலாம்.

மடிவாளா மாடிவீடு:
உள்ளே போய்விட்டேன் அக்கா. எங்கள் பில்டு டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓடுகிறது; முதல் பில்டிலேயே டாக்கர் சாக்கெட்டில் ‘பெர்மிஷன் டினைடு’. என் யூசரில் டாக்கர் ஓடுகிறது.

ஒசூர் பஸ் பாஸ்:
திரும்பவும் அதே கதைதான். டாக்கர் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள், ஜென்கின்ஸ் யூசர் இல்லை. யூசர்மாட் கட்டளை கொண்டு அதைக் குழுவில் சேர்த்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் டாக்கர் குழுவில் இருப்பவருக்கு ரூட் அதிகாரம் கிடைத்த மாதிரிதான், அதனால் அந்த ஜென்கின்ஸில் ஜாப் எழுதும் உரிமையை யாருக்குத் தருகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.