‘பஃபர் அண்டர்ரன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் வட்டாரத்து ஸ்டுடியோக்களிலும் ஸ்கேன் மையங்களிலும் சிடி, டிவிடி எழுதும் பிள்ளைகளுக்காக ஒரு பக்கப் பழுதறி அட்டை தயாராகிறது. ரைட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். வேலை ‘பஃபர் அண்டர்ரன்’ என்ற இடத்தில் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இடையகக் கீழோட்டம்’ என்று வருகிறது. படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் விளங்காது.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். திரையில் எந்தப் பிழை வந்தாலும் ‘சிடி சரியில்லை’ என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புது டப்பாவைப் பிரிக்கிறார்கள். இந்தப் பிழையில் வட்டின் மேல் தவறே கிடையாது. அதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அண்ணனுக்கு வணக்கம். நடப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம், சொல் அதிலிருந்து வரட்டும்.

வட்டு சுழன்றுகொண்டே இருக்கும், லேசரும் எழுதிக்கொண்டே போக வேண்டும். கணினியோ தரவை விட்டுவிட்டுத்தான் அனுப்பும். இரண்டுக்கும் நடுவே ரைட்டருக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு, பெரும்பாலும் 2 எம்பி. அதுதான் பஃபர். எழுதும் வேகத்தை ‘எக்ஸ்’ கணக்கில் சொல்வார்கள்: டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 1.385 எம்பி. 16எக்ஸில் அது 22 எம்பியைத் தாண்டும். அந்த வேகத்தில் 2 எம்பி காலியாக நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 52எக்ஸ் சிடியில் நொடிக்கு 7.8 எம்பி, அங்கே கால் நொடி தாங்கும். மென்பொருள் கணினியின் நினைவகத்தில் தனியாகச் சில பத்து எம்பி சேர்த்துவைக்கும். அதுவும் தீர்ந்தால் லேசருக்கு எழுத ஒன்றும் இருக்காது. இதுதான் அண்டர்ரன்.

பழைய ரைட்டர்களில் வட்டு அந்த இடத்தோடு பாழ். 2000-இல் சான்யோ ‘பர்ன்-புரூஃப்’ முறையைக் கொண்டுவந்தது. எழுத்து நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, நினைவகம் நிறைந்ததும் அங்கிருந்தே தொடரும். மற்ற நிறுவனங்களும் வேறு வேறு பெயரில் இதையே செய்தன. ஆகவே இன்று இந்தக் கோளாறு பெரும்பாலும் பிழைச்செய்தியாக வருவதில்லை, தாமதமாக வருகிறது. 16எக்ஸில் நிறைந்த டிவிடி ஒன்று ஏறத்தாழ 6 நிமிடத்தில் முடிய வேண்டும். 20, 25 நிமிடம் இழுத்தால், திரையில் பஃபரின் நிறைவைக் காட்டும் பட்டை ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தால், இதுதான் விஷயம்.

‘தரவு வறட்சி’ என்று வைக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து:

வறட்சி என்றால் ஒரு பருவமே பொய்த்த மாதிரி இருக்கிறது. இது இமைப்பொழுது விஷயம். ‘வற்றல்’ என்று சுருக்கலாம் என்று பார்த்தால் மோர்மிளகாய்தான் நினைவுக்கு வருகிறது. ‘தட்டுப்பாடு’ ரேஷன் கடைக்குப் போய்விடும்.

நம் பக்கத்து ஏரிப் பேச்சிலேயே சொல் கிடக்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லை என்றால் கரையைக் குறை சொல்ல மாட்டார்கள், ‘வரத்து இல்லை’ என்பார்கள். உடனே கால்வாயைப் பார்க்க ஆள் போகும். காய்கறி மார்க்கெட்டிலும் இதே பேச்சுதான். ‘வரத்துக் குறைவு’ என்று வைத்தால் அண்ணன் கேட்ட நிபந்தனை நிறைவேறுகிறது: குற்றம் மேலே, தரவு வருகிற வழியில்.

இதற்கு எதிர்ச்சொல் தேடவும் வேண்டாம். பஃபர் நிரம்பி வழியும் ‘ஓவர்ரன்’ என்பதற்குக் ‘கோடிபோதல்’. ஏரி கோடி போகிறது என்றால் வேலூர், ஆற்காடு, வாலாஜா எங்கும் விளங்கும். தெற்கே விளங்குமா என்பது வேறு கேள்வி. எழுதும் வேலையில் ஓவர்ரன் வராது என்பதால் அட்டைக்கு அது தேவையும் இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து:

‘வரத்துக் குறைவு’ – என் ஓட்டு இதற்கே. வரத்து எங்கெங்கே அடைபடும் என்பதையும் அட்டையில் போட வேண்டும்.

முதல் இடம் ஹார்டு டிஸ்க் அல்ல, கோப்புகளின் எண்ணிக்கை. உடலை எடுக்கும் ஒரு சி.டி. (CT) ஸ்கேனில் ஒவ்வொரு வெட்டுப் படமும் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. ஆயிரம் படம் இருந்தால் ஆயிரம் கோப்பைத் திறந்து மூட வேண்டும். மொத்தம் 500 எம்பிதான், ஆனாலும் திணறும். நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியிலிருந்து நேரே எழுதினால் இன்னும் மோசம். வழி: எல்லாவற்றையும் முதலில் இதே கணினியில் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் நகல்) ஆக்கிக்கொண்டு, பிறகு அதை எழுதுவது. இம்க்பர்ன், கே3பி என்ற எழுதும் மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி உண்டு. கலியாண வீடியோவுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. 1 ஜிபி அளவுக் கோப்பு நாலைந்துதானே இருக்கும்.

இரண்டாவது, இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினிகள். ரைட்டரைக் கணினியோடு இணைக்கும் பழைய வழியான ஐடிஇ சானலில் பிழை சேரச் சேர, 6 ஆனதும் விண்டோஸ் தானாகவே வேகத்தை ஒரு படி குறைக்கும். இப்படி இறங்கி இறங்கிக் கடைசியில் டிஎம்ஏ (தரவு நினைவகத்துக்கு நேரே போகும் வேகமான முறை) போய் பிஐஓ (ஒவ்வொன்றையும் செயலியே சுமக்கும் மெதுவான முறை) வந்துவிடும். யாருக்கும் சொல்லாது. பிஐஓவில் ஏட்டளவில் உச்சமே நொடிக்கு 16.7 எம்பி, நடைமுறையில் அதில் பாதிகூடத் தேறாது. 16எக்ஸ் டிவிடிக்கு எங்கே போதும்? டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சானலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்கினால் டிஎம்ஏ திரும்பும். சில நாளில் மறுபடி இறங்கினால் கேபிளை மாற்றுங்கள், 40 கம்பி போதாது, 80 கம்பி வேண்டும்.

மூன்றாவது, எழுதும் நேரத்தில் ஓடும் வைரஸ் ஸ்கேன். இதற்கு விளக்கம் வேண்டாம்.

ஆம்பூரிலிருந்து:

ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்றால், உண்மையில் அதிகம் வட்டைக் குப்பைக்கு அனுப்பும் பிழைக்கு என்ன செய்யப் போகிறோம்? ‘பவர் கேலிபரேஷன் எரர்’தான் நான் சொல்வது.

எழுதத் தொடங்கும் முன் ரைட்டர் வட்டின் உள்விளிம்பில், அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில், லேசரைக் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பார்க்கும். எந்த அளவில் எழுத்து தெளிவாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்ளும். சிடி-ஆரில் அந்த இடம் 100 கட்டம். ஒவ்வொரு முறை எழுத வைக்கும்போதும் ஒன்று செலவாகும். எந்த அளவிலும் சரியாக விழவில்லை என்றால்தான் இந்தப் பிழை. ‘திறன் அளவுத்திருத்தப் பிழை’ என்று எழுதினால் யார் படிப்பார்? ரைட்டர் செய்வது பதம் பார்ப்பது. ‘பதம்பார்ப்பு’ என்றே வைப்போம், பிழை ‘பதம் தவறல்’. ‘வெள்ளோட்டம்’ என்ற சொல்லையும் யோசித்தேன். ஆனால் லேசரை எழுதாத அளவுக்குத் தணித்து முழு வட்டையும் ஓட்டிப் பார்க்கும் ‘சிமுலேஷன்’ இருக்கிறதே, அந்தச் சொல் அதற்குத்தான் பொருந்தும்.

குடியாத்தத்திலிருந்து:

பதம் என்றால் இலக்கணத்தில் சொல் என்று பொருள் உண்டு, பகுபதம் பகாப்பதம் என்போமே. ஆனாலும் ரைட்டர் பக்கத்தில் நிற்பவர் யாரும் அப்படிப் படிக்கப் போவதில்லை. ஏற்கலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

பதம் தவறலில் வட்டு குற்றவாளியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அட்டையில் வரிசை முக்கியம்.

வெளியே செருகும் மெல்லிய ரைட்டர் என்றால் முதலில் மின்சாரம். யுஎஸ்பி 2 துளை ஒன்று தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். எழுதும்போது ரைட்டர் 1 ஆம்பியருக்கு மேலும் கேட்கும். முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றுங்கள், இரண்டு முனை உள்ள கேபிள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். இடையில் ஹப் வேண்டாம். அடுத்தது, வேறு நிறுவன வட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். அதில் எழுதினால் பழைய கட்டு வட்டுகளில் எழுத்தை ஏற்கும் சாயம் இந்த ரைட்டருக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். ரைட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் சில சமயம் ஒத்துவரும். எந்த வட்டும் எழுதவில்லை, ஆனால் பழைய வட்டுகள் படிக்கின்றன என்றால் லென்ஸில் தூசி, அல்லது லேசர் தேய்ந்துவிட்டது. படிக்கக் கொஞ்சம் ஒளி போதும், எழுதத்தான் நிறைய வேண்டும். அதனால் தேய்மானம் முதலில் எழுத்தில்தான் தெரியும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்பது பாதி உண்மை. 16எக்ஸ் வட்டின் சாயம் அந்த வேகத்துக்கென்றே செய்தது. 8எக்ஸ் நல்லது. அதற்கும் கீழே போனால் பல வட்டுகளில் எழுத்து கெடவே செய்கிறது.

வாணியம்பாடியிலிருந்து:

எழுதி முடித்த வட்டை மூடும் ‘ஃபைனலைஸ்’ விட்டுப்போயிற்று. ஸ்கேன் மையத்தில் எழுதிக் கொடுத்த வட்டைக் கொல்கத்தாவுக்கோ அகர்தலாவுக்கோ கொண்டுபோய் அங்கே வேறு கணினியில் போடுவார்கள். அது திறக்காமல் போனால் மறுபடி ரயிலேறி வர முடியுமா? எழுதிய கணினியில் திறக்கும், மற்றதில் ‘வெற்று வட்டு’ என்று காட்டும். முக்கால்வாசி ஃபைனலைஸ் செய்யாததுதான் காரணம்.

ஒரு தடவையில் எழுதி முடிக்கும் பகுதியை அமர்வு என்போம். ‘அமர்வை மூடல்’ வேறு, ‘வட்டை மூடல்’ வேறு. முதலாவதில் இன்னொரு நாள் சேர்த்து எழுதலாம். ஆனால் சிடியில் முதல் அமர்வுக்குப் பிறகு ஏறத்தாழ 22 எம்பியும், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 13 எம்பியும் எல்லைக்குறிக்கே போய்விடும். இரண்டாவதைச் செய்தபின் எதுவும் சேர்க்க முடியாது. இரண்டுக்கும் ‘மூடல்’ என்றால் குழப்பம்தான். வட்டை மூடுவதற்கு ‘முத்திரையிடல்’ என்று வைப்போம், பத்திரத்துக்கு வைப்பதுபோல. வெளியே கொடுக்கும் வட்டு எதுவானாலும் முத்திரையிட்டே கொடுக்க வேண்டும்.

பொருளை விட்டு விலகினாலும் இதையும் சேருங்கள்: தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் ஜோலியட் முறையில் (வட்டில் பிறமொழிப் பெயர்களை எழுதும் முறை) 64 இடம்தான். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘திருமணவரவேற்பு’ நமக்கு 9 எழுத்து, கணினிக்கு 14. ஜோலியட்டே இல்லாமல் எழுதினால் பெயர் முழுக்க அடிக்கோடாகிவிடும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

கடைசி இடத்தில் வரும் பிழைக்கும் ஒரு வரி. 90 விழுக்காட்டுக்கு மேல் போய் ‘ரைட் எரர்’ வந்தால் அது வரத்தும் அல்ல, பதமும் அல்ல. எழுத்து உள்ளிருந்து வெளியே போகும். கைரேகை, கீறல், வளைவு எல்லாம் வெளிவிளிம்பில்தான் இருக்கும். இங்கே தயங்காமல் வட்டைக் குற்றம் சொல்லலாம். ‘விளிம்புப் பிழை’ என்றால் போதும். டிவிடியின் 4.7 ஜிபி விண்டோஸ் கணக்கில் 4.38. அதில் 4.2-ஓடு நிறுத்திக்கொண்டால் பாதி தப்பும். கத்திரி வெயிலில் வண்டி டிக்கியில் வட்டுக் கட்டை வைப்பவர்களுக்கு எந்தக் கலைச்சொல்லும் உதவாது.

காட்பாடியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. வரத்துக் குறைவு, பதம் தவறல், விளிம்புப் பிழை, முத்திரை இடாமை – நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் ‘வட்டை மாற்றாதே’, ‘மாற்றிப் பார்’, ‘மாற்று’, ‘அதே வட்டை முத்திரையிடு’ என்று ஒரு வரி தடித்த எழுத்தில் வரும். திரையில் தோன்றும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தானே இருக்கும், அதன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். ‘பர்ன்’ என்பதற்கு எரித்தலா பதித்தலா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அட்டையில் ‘எழுது’ என்றே இருக்கிறது.